கடலை நுரையீரல் என்று அழைப்பதை நிறுத்தலாம்

ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாள் வந்தால் போதும், "நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு இரண்டாவது மூச்சும் கடல் தந்தது" என்ற வாசகத்தோடு நீல நிறப் படங்கள் வலம் வரத் தொடங்கிவிடுகின்றன. நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் அது பாதி உண்மை. கடல் செய்துகொண்டிருக்கும் ஆகப் பெரிய வேலையை அந்தப் பாதி உண்மை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் எரிச்சல்.

பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் நடக்கிறது, இதில் பிழையில்லை. அதைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள். அவற்றுள் ஒன்றான புரோகுளோரோகாக்கஸ், ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். அப்படியிருந்தும் 1980களில்தான் அறிவியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உருவம், தப்பித்ததில் வியப்பில்லை.

ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட முழுவதையும் கடல்வாழ் உயிர்களே சுவாசித்தும், இறந்தவற்றை மட்கச் செய்தும் தீர்த்துவிடுகின்றன. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போய்விடுகிறது. மடிந்தவற்றில் மிகச் சிறு பங்கு மட்கி முடிவதற்குள் சேற்றில் புதைந்துவிடும். அந்த அளவுக்குத்தான் ஆக்சிஜன் மிஞ்சும். காற்றில் இருக்கும் 21 சதவீதம் அப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. நாளைக்கே எல்லா ஒளிச்சேர்க்கையும் நின்றுபோனால் நாம் பட்டினியால் சாவோம், மூச்சு முட்டி அல்ல.

அப்படியானால் கடலுக்கு எதற்காக நன்றி சொல்வது? வெப்பத்துக்காக. நாம் வெளியேற்றும் வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போகிறது. காற்றில் தங்குவது ஓரிரு சதவீதம் மட்டுமே. 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலகச் சராசரி வெப்பநிலை 1.5 டிகிரிக்கும் மேல் போனதே, அது அந்த ஓரிரு சதவீதத்தை வைத்துக்கொண்டு நடந்தது! ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், 3,000 லிட்டருக்கும் அதிகமான காற்றை அதே ஒரு டிகிரி சூடாக்கிவிடும். அந்தக் கணக்கை 3,700 மீட்டர் சராசரி ஆழமுள்ள நீர்ப்பரப்புக்குப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் ஊகித்துச் சொல்லவில்லை, அளந்து சொல்கிறார்கள். ஆர்கோ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் அலைந்துகொண்டிருக்கின்றன. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான உலோகக் குழாய், உச்சியில் ஓர் ஆண்டெனா, அடியில் சுருங்கி விரியும் ஒரு பை. உள்ளேயிருந்து எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் மிதவை மேலே வரும்; திரும்ப இழுத்துக்கொண்டால் மூழ்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு சில நாட்கள் போகும். பிறகு 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடியே மேலேறி, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பிவிட்டு மீண்டும் மறைந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு சுற்று. விளம்பரமே இல்லாமல் இவ்வளவு உருப்படியாக உழைக்கும் கருவி வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போன வெப்பம் சும்மா கிடப்பதுமில்லை. நீர் சூடானால் விரியும்; பனி உருகுவதோடு இந்த விரிவும் சேர்ந்துதான் கடல்மட்டத்தை உயர்த்துகிறது. மேற்பரப்பு சூடேறினால் அடிநீரோடு கலப்பது குறைகிறது, ஆழத்துக்கு ஆக்சிஜன் போவது தடைப்படுகிறது. பவளங்கள் தமக்கு உணவூட்டும் பாசிகளையே வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகின்றன. புயல்களுக்கு வலுவூட்டுவதும் இதே வெப்பம்தான். போதாததற்கு, நாம் விடும் கரியமில வாயுவில் கால் பங்கையும் கடல் கரைத்துக்கொள்கிறது. அதனால் மேற்பரப்பு நீரின் அமிலத்தன்மை தொழிற்புரட்சிக்குப் பிறகு சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது.

வாயு வெளியேற்றத்தை இன்றைக்கே நிறுத்தினாலும் கடல்மட்டம் பல நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டேதான் இருக்கும். மேலே இருக்கும் வெப்பம் ஆழத்துக்குப் போய்ச் சேர அவ்வளவு காலம் ஆகும். ஆகவே "கடல் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. கடல் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண ஆர்கோ மிதவை 2,000 மீட்டரோடு நின்றுவிடும். கடலில் கிட்டத்தட்டப் பாதி நீர் அதற்கும் கீழே கிடக்கிறது. 6,000 மீட்டர் வரை இறங்கும் மிதவைகள் வந்துவிட்டன, ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. மின்கலம் தீர்ந்துபோகும் பழைய மிதவைகளுக்குப் பதில் புதியவற்றையும் ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடல் நாளுக்கு ஒதுக்கும் விழாச் செலவை என் கையில் கொடுத்தால், நான் வாங்குவது அந்த ஆழ்கடல் மிதவைகளைத்தான்.