இன்னும் இரண்டே வாரம்

போன மாதம் ஒரு விமான நிலையத்தில், விமானம் தாமதம் என்று ஒருவர் எழுந்து போய்க் கவுன்ட்டரில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காற்றுக்கும் மழைக்கும் தானே பொறுப்பு என்பதுபோல் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் இருந்த பெரியவர், "கொரோனாவுக்கு அப்புறம் ஜனங்களுக்குப் பொறுமையே போயிடுச்சு சார்" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவர் சொன்னது உண்மையா என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனைதான் இந்த நீளமான பதிவு. பொறுமை மிச்சமிருப்பவர்கள் படிக்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-இல் மனிதர்கள் காட்டிய பொறுமையை நாம் சுத்தமாக மறந்துவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது. ஏப்ரல் தொடக்கத்தில் உலக மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் வீட்டுக்குள் முடங்கியிருந்தார்கள். 2019-இல் நாடு விட்டு நாடு போன சுற்றுலா வருகைகள் சுமார் 146 கோடி. 2020-இல் அது 40 கோடி அளவுக்கு இறங்கியது. அந்தச் சரிவுக்குள் தேனிலவு, ஓய்வுபெற்றதும் போகலாம் என்று முப்பது வருடம் தள்ளிப்போட்ட பயணம், பேரப்பிள்ளையை முதல்முறை பார்க்கப் போகும் பயணம் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் முணுமுணுத்தார்கள், அப்புறம் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். பொறுமை இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

எங்கள் வீட்டுக் கதையும் அதேதான். அந்த ஏப்ரலில் குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போவதாக இருந்தோம். பிள்ளைகள் இரண்டு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். "இரண்டு வாரம் தள்ளி வையுங்கள், சரியாகிவிடும்" என்றார் விடுதிக்காரர். தள்ளி வைத்தோம். மறுபடி இரண்டு வாரம். டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரவில்லை, வவுச்சர் வந்தது. அதற்கு ஒரு கெடு, அப்புறம் நீட்டித்த கெடு. ஒருவழியாகப் பயன்படுத்தலாம் என்று நான் போனபோது அது முந்தின நாள்தான் காலாவதியாகியிருந்தது. நான் தொலைபேசியில் கத்தியது இரண்டு வருடத்தில் அன்று ஒருநாள்தான். நோய் வந்தபோது நான் கத்தவில்லை, பயணம் கைவிட்டுப் போனபோதும் கத்தவில்லை.

இந்த "இரண்டு வாரம்" எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய பலருக்கு ஐந்தாறு நாள் ஆகும், அதிகபட்சம் 14 நாள் என்று அப்போது கணக்கு வைத்திருந்தார்கள். அதாவது ஒரு தனி ஆளைத் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கான கணக்கு அது. அதையே எடுத்து ஊருக்கும் நாட்டுக்கும் கெடு சொல்லப் பயன்படுத்தியபோது, அது பதினான்கு நாளில் முடிந்துவிடும் என்ற வாக்குறுதியாக எல்லோர் காதிலும் விழுந்தது. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைத்த டயமண்ட் பிரின்சஸ் சுற்றுலாக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள், பாவம், அறைக்குள் அடைபட்டு நாள் எண்ணினார்கள். கூட இருந்தவருக்குத் தொற்று என்று வந்தால் இவருக்கு எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்தது.

குவாரண்டைன் என்ற சொல்லே இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1377-இல் ரகுசா நகரம், அதாவது இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. அப்புறம் அது நாற்பதானது. கொடுமையான காலம்தான். ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவன் சுவரில் கோடு போட்டு எண்ணலாம். நாற்பதாவது கோடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நமக்கு அந்தக் கோடு தெரியவே இல்லை என்பதுதான் என் வாதம்.

இது நம் காலத்து மனிதர்களின் செல்லம் என்று நினைப்பவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோவைச் சொல்கிறேன். 1918 அக்டோபரில் இன்ஃப்ளூயன்சா உச்சத்தில் இருந்தபோது அங்கே முகக்கவசம் கட்டாயமானது. பெரும்பாலோர் போட்டார்கள். நவம்பர் 21 நண்பகலில் சங்கு ஊத, எல்லோரும் கழற்றித் தெருவில் வீசிக் கொண்டாடினார்கள். ஜனவரியில் தொற்று மறுபடி ஏற, மறுபடி முகக்கவசம் என்றார்கள். அதே ஊர், அதே மக்கள், அதே துணி. இந்தத் தடவை "முகக்கவச எதிர்ப்புச் சங்கம்" என்றே ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு மாதத்தில் குணம் மாறிவிட்டதா? முடிந்தது என்று சங்கு ஊதியாகிவிட்டது, அவ்வளவுதான். ஊதிய சங்கைத் திரும்ப வாங்க முடியாது.

சரி, பயணத்தைக்கூடத் தள்ளிப்போடலாம். கடல் அங்கேயேதான் இருக்கும். விடுமுறைக்கு ஒன்றுகூடுவது அப்படியில்லை. அதற்கு ஒரு தேதி உண்டு, அந்தத் தேதியில் வருகிறவர்களுக்கு வயது உண்டு. எண்பது தாண்டிய ஒருவரிடம் "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

வூகானை மூடியது 2020 ஜனவரி 23-இல், சந்திரப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. நள்ளிரவு தாண்டி அறிவிப்பு, காலை பத்து மணிக்கு அமல். விடுமுறைப் பயணமும் நோய்ப்பயமும் சேர்ந்து அதற்கு முன்பே 50 லட்சம் பேர் நகரத்தை விட்டுப் போயிருந்தார்கள் என்று அந்த நகர மேயரே சொன்னார். அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டன். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள், மூன்று வீட்டார் கூடலாம் என்று நவம்பரில் அனுமதி கொடுத்தார்கள். மக்கள் டிக்கெட் எடுத்தார்கள், அம்மாவிடம் வருகிறேன் என்று சொன்னார்கள். டிசம்பர் 19 மாலை, லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் அது கிடையாது, நள்ளிரவிலிருந்து கட்டுப்பாடு என்று அறிவிப்பு. அன்று இரவே ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. ரயிலில் நெருக்கியடித்து ஓடியவர்களைப் பலரும் திட்டினார்கள், நானும் இங்கே இருந்துகொண்டு திட்டினேன். புதிய வகை வைரஸ் வேகமாகப் பரவுகிறது என்பது உண்மையான காரணம்தான். முதலிலேயே "இந்த வருடம் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள், ஆனால் ஓடியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்தவர்களைத் திட்டிய நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே டிசம்பரில் எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் ஒரே வீட்டில் கூடினோம். அக்கா மட்டும் வர மறுத்தாள். "பெரியப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு இருக்குடா, நாம எல்லாரும் நாலு திசையில இருந்து வர்றோம்" என்றாள். "எல்லாரும் டெஸ்ட் எடுத்துட்டுத்தான் வர்றோம், நம்ம ஆளுங்கதானே" என்றேன். இந்த "நம்ம ஆளுங்கதானே" என்ற சொல்லைப் பற்றி எனக்குள் இன்னும் ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. வழியில் டாக்சிக்காரரைப் பார்த்ததும் முகக்கவசத்தை இழுத்து விட்டேன். கடைக்காரர் நீட்டிய சில்லறையைச் சானிட்டைசரில் குளிப்பாட்டினேன். வீட்டு வாசலில் நுழைந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆறு மணி நேரம் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துப் பேசினேன். அந்நியர்களிடம் இருந்தால்தான் நோய், சொந்தக்காரர்களிடம் இருந்தால் அது பாசம் என்பதுபோல.

விமானத்துக்குள் காற்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறது, வடிகட்டியும் உண்டு. எங்கள் கூடத்தில் அது எதுவும் இல்லை. பயணத்துக்கு அஞ்சினோம், போய்ச் சேர்ந்த இடத்துக்கு அஞ்சவில்லை. டெஸ்டில் நெகட்டிவ் என்பது, குச்சியை மூக்கில் விட்ட அந்த நிமிடத்துக்கான செய்தி. அடுத்த நாளைக்கு அது உத்தரவாதம் கொடுக்காது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் போனேன்.

நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல், ஆறாம் நாள் பெரியப்பாவுக்கு. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பி வந்தார், நல்லவேளை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பதினொரு பேரில் யாராகவும் இருக்கலாம் என்று அத்தனை பேரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அக்கா ஒருநாளும் "நான்தான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஏன் போனேன் என்று பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஒன்பது மாதமாக ஒவ்வொரு இரண்டு வாரமும் ஏமாந்து ஏமாந்து, "இதற்கு மேலும் இவர்கள் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்" என்று ஒரு வீம்பு வந்திருந்தது. அந்த வீம்புக்குப் பெரியப்பாவின் நுரையீரல் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீம்பை வளர்த்துவிட்டவர்களையும் சும்மா விட மனமில்லை. 2020 அக்டோபரில் நெதர்லாந்தில் கட்டுப்பாடுகளை இறுக்கிய கையோடு, மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் குடும்பத்தோடு கிரீஸுக்கு விடுமுறைக்குப் பறந்தார். எதிர்ப்பு கிளம்ப, மறுநாளே திரும்பி வந்து காணொளியில் மன்னிப்புக் கேட்டார். கேட்டாரே, அது பெரிய விஷயம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண நிதி அமைச்சர் ராட் பிலிப்ஸ் கதை இன்னும் அருமை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கணப்பு அருகே உட்கார்ந்து, தியாகம் செய்யும் மக்களுக்கு நன்றி சொல்லி ஒரு காணொளி வெளியானது. காணொளி முன்பே எடுத்து வைத்தது. மனிதர் அப்போது கரீபியனில் செயின்ட் பார்ட்ஸ் தீவில் இருந்தார். டிசம்பர் 31 அன்று பதவி விலகினார்.

இதையெல்லாம் மிஞ்சியது பிரிட்டன் பிரதமர் அலுவலகம் இருக்கும் டௌனிங் தெரு. 2021 ஏப்ரல் 17 அன்று ராணியின் கணவர் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்குக்கு முப்பது பேருக்குத்தான் அனுமதி. எலிசபெத் ராணி கறுப்பு முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முந்தின இரவு பிரதமர் அலுவலகத்தில் ஊழியர்களின் விருந்து நடந்திருக்கிறது. பிரதமர் அதில் இல்லை. ஆனால் வேறொரு ஒன்றுகூடலுக்காக அந்தப் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே 2022-இல் போலீஸ் அபராதம் விதித்தது. தன் அப்பாவை ஜன்னல் வழியாகப் பார்த்து வழியனுப்பிய ஒருவர், இதைக் கேட்ட பிறகு அடுத்த அறிவிப்பை எந்தக் காதால் கேட்பார்?

கேட்கவில்லை. அந்தக் கோபம் அமைச்சர்கள் வரைக்கும் எட்டாது என்பதால், கைக்கு எட்டியவர்கள்மேல் விழுந்தது. அமெரிக்காவில் 2021-இல் மட்டும் விமானத்தில் பயணிகள் ரகளை செய்ததாக ஏறக்குறைய 6,000 புகார்கள், அதில் 4,200-க்கு மேல் முகக்கவசம் தொடர்பானவை. சட்டம் போட்டவர் எங்கோ இருந்தார், "சார், மூக்குக்கு மேலே போடுங்கள்" என்று சொன்ன பணிப்பெண் அறை வாங்கினார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். கோபத்துக்குக் காரணம் இருக்கலாம், அடிப்பதற்கு இல்லை.

பயணத்துக்காக ஏங்கியவர்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. சிட்னியில் ஏறி, ஏழு மணி நேரம் சுற்றிவிட்டு சிட்னியிலேயே இறங்கும் விமானத்தை ஆஸ்திரேலிய விமான நிறுவனம் குவாண்டாஸ் அறிவித்தபோது, டிக்கெட் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. நானும் சிரித்தேன். இப்போது சிரிக்கத் தோன்றவில்லை. அந்தப் பயணத்தில் இறங்கும் நேரம் நிச்சயமாகத் தெரியும். அந்த வருடத்தில் அப்படி நிச்சயமாகத் தெரிந்தது வேறு எது?

அப்புறம் 2022 வந்தது. விட்ட பயணத்தையெல்லாம் பிடிக்க எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்ட விமான நிலைய ஆட்கள் திரும்ப வரவில்லை. ஆம்ஸ்டர்டாமில் வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம், ஒரு நாளில் புறப்படும் பயணிகள் ஒரு லட்சத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆகவே "ஜனங்களுக்குப் பொறுமை போயிடுச்சு" என்று சொல்கிறவர்கள், வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த விமான நிலையத்துக்கு மறுபடி வருகிறேன். ஆரம்பத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பலகையில் முதலில் 20 நிமிடத் தாமதம் என்று வந்தது. அந்த மனிதர் பேசாமல் இருந்தார். பிறகு 35. அப்போதும் பேசவில்லை, கைப்பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். மூன்றாவதாக 50 என்று மாறியபோதுதான் எழுந்து போனார். அவர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்ட அந்தப் பெண், தனக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிய, மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் பத்தே நிமிஷம் சார்."