வகுப்பெடுப்பது ஓய்வுபெற்றவர்கள் வேலையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வீடியோவை இதற்குள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேசியவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் பேசியதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் "கை ஓய்ந்தவர்கள்தான் எழுதக் கற்றுக்கொடுக்கக் கிளம்புகிறார்கள், சாய்நாத்தே கடைசியில் வாத்தியார் ஆகிவிட்டார்" என்று சொன்னாரே, அதற்கு அரங்கமே கைதட்டியதே, அதை என்னால் விட முடியவில்லை.

கடைசியில் என்றால் எப்போது? கிராமங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1980-ல் யுஎன்ஐ செய்தி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மும்பையில் பிளிட்ஸ் வார இதழ். அங்கே துணை ஆசிரியராக இருந்த காலத்திலேயே சோஃபியா பாலிடெக்னிக்கில் ஊடகம் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். கால் நூற்றாண்டுக்கும் மேல் அதை விடவில்லை. 1993-ல் பிளிட்ஸை விட்டு, ஒரு ஃபெல்லோஷிப் பணத்தை வைத்துக்கொண்டு நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குக் கிளம்பினாரே, அந்தப் பயணத்துக்கு முன்பே அவர் வாத்தியார். ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றினார். அதில் 5,000 கிலோமீட்டர் கால்நடையாக. அந்தக் கட்டுரைகள் 1996-ல் புத்தகமாகி, இன்றைக்கும் இதழியல் மாணவர்கள் கையில் இருக்கின்றன. கை ஓய்ந்தவர் செய்கிற வேலையா இது?

2012-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் எழுத்துப் பேராசிரியராக அழைத்தபோதும் அவர் தி இந்துவின் கிராமப்புறச் செய்திகளுக்கான ஆசிரியர். அதற்கு ஐந்து வருடம் முன்பே மகசேசே விருது வாங்கியாயிற்று. எழுதிக்கொண்டே கற்றுக்கொடுத்தார், கற்றுக்கொடுத்துக்கொண்டே எழுதினார். இரண்டும் ஒரே வேலை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை சைக்கிள் கதை நம் ஊர்க் கதை. அறிவொளி இயக்கம் நடந்த நாட்களில் எழுதப் படிக்கக் கற்ற கையோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். ஊரே பேசிய விஷயம், யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். சாய்நாத் எழுதியதில் ஒரு விவரம் வரும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பெண்கள் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் இருந்தது. ஏன்? முன்னால் அந்தக் கம்பி இருக்கிறதல்லவா, குழந்தையை அதில் உட்காரவைத்துக்கொள்ளலாம். கூடையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, பஸ்ஸை எதிர்பார்க்காமல் ஒரு பெண் எப்படிப் போனாள் என்பது அந்த ஒரு கம்பியில் தெரிந்துவிடுகிறது. இதே கட்டுரை வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பல வருடம் இருந்தது. நம் பெண்களின் கதையை அந்தப் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள்.

அந்தக் கம்பியைப் பார்க்கும் கண் பிறவியிலேயே வருவதா? இல்லை. "இந்த சைக்கிளை ஏன் வாங்குனீங்க" என்று கேட்டால் பதில் வரும். கேட்கச் சொல்லிக்கொடுக்க முடியும். அவ்வளவுதான் விஷயம்.

உடனே கமெண்டில் வருவீர்கள், தெரியும். "எழுத்து ரத்தத்தில் ஊற வேண்டும்." சரி, ஊறட்டும். உங்கள் ரத்தத்தில் ஊறியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

"அவர் பத்திரிகையாளரே இல்லை, இயக்கக்காரர்" என்பீர்கள். இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. விவசாயிகள் தற்கொலை பற்றி அவர் எழுதிய கணக்கு எந்தக் கட்சி ஆபீஸிலிருந்தும் வந்ததல்ல. அரசின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள் அவை. எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் கிடந்தன. 2006-ல் மும்பையில் லக்மே ஃபேஷன் வாரம் நடந்தது. மேடையில் பருத்தி ஆடைகள். அதை எழுத 512 நிருபர்கள் அனுமதி வாங்கிக் குவிந்திருந்தார்கள். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் போனால் அதே மகாராஷ்டிரத்தின் விதர்பா, பருத்தி விளைவித்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை எழுத வெளியிலிருந்து போனவர்கள் ஆறு பேர். இதை எண்ணிச் சொன்னவர் இயக்கக்காரர் என்றால், அந்த 512 பேர் யார்? நடுநிலையாளர்களா?

"ஆங்கிலத்தில் எழுதியவர் நமக்கு எதற்கு?" கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதிவுசெய்ய 2014-ல் அவர் தொடங்கிய பாரி (PARI) இணையதளத்தைத் தமிழிலேயே படிக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் எழுதி அனுப்புவதையும் உட்கார்ந்து திருத்திப் போடுகிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. "கற்றுக்கொடுத்து என்ன, அந்தப் பிள்ளைகளுக்கு வேலை எங்கே?" உண்மைதான். மாவட்டத்தில் இருக்கும் ஸ்ட்ரிங்கருக்கு, அதாவது மாதச் சம்பளம் இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் நிருபருக்கு, ஒரு செய்திக்குக் கிடைக்கும் காசு பெட்ரோலுக்குக் காணாது. இது தெரிந்தேதான் சனிக்கிழமைகளில் வகுப்பெடுக்கிறேன்.

என் வகுப்பில் முதுகுளத்தூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. மிளகாய் பறிக்கும் பெண்களைப் பற்றி எழுதி வந்தாள். "அப்பகுதிப் பெண்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்" என்று ஆரம்பித்தது. யார் அவதிப்படுகிறார், ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்று கேட்டேன். மறுபடி பஸ் ஏறினாள். அடுத்த தடவை எழுதியதில் ஒரு தாய் இருந்தார். பறித்துவிட்டு வந்த நாளில் கை எரியும், எத்தனை முறை கழுவினாலும் காரம் போகாது, அதனால் அன்றைக்கு ராத்திரி பாட்டிதான் பேரனுக்குச் சோறு ஊட்டுவார். படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். போட்டார்கள். அந்தத் தாயின் பெயர் இல்லை, பாட்டி இல்லை, எரியும் கை இல்லை. "அப்பகுதிப் பெண்கள் அவதிப்படுகின்றனர்" திரும்ப வந்திருந்தது. எழுதியவள் பெயரும் இல்லை. நான் போன் செய்தபோது, "கிராமத்து ஸ்டோரியை இவ்வளவு நீளத்துக்கு யார் மேடம் படிப்பாங்க" என்றார்கள். சாய்நாத்துக்கு 1993-ல் இதே பதில் கிடைத்திருந்தால் அவர் கிளம்பாமல் இருந்திருப்பாரா என்ன?

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் போன் செய்தாள். வீடியோவைப் பார்த்திருக்கிறாள். "அக்கா, நீங்க இனிமே எழுத மாட்டீங்களா?" அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், போன மாதம் வந்த கட்டுரையை அவளுக்கு அனுப்பினேன். ஆனால் என்னை விடுங்கள். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைக்கு, தான் ஓய்ந்துபோன ஆளிடம் வந்து உட்கார்ந்திருக்கிறோமோ என்று தோன்றவைத்துவிட்டீர்கள். மேடையில் ஒரு கைதட்டலுக்காக.

இந்தச் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. காலை பத்து மணி, அதே நூலக மாடி. கட்டணம் இல்லை. மிளகாய்க் கட்டுரையை முழுதாக, எழுதியவள் பெயரோடு அங்கே வாசிக்கிறோம். அன்று கைதட்டியவர்களும் வரலாம்.