தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் ஜப்பானிய உச்சரிப்பு வந்துவிடுமா?

"தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ஒலிகள் ஒன்றே; தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தாலே உச்சரிப்பு பிசகாது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இதில் பாதிதான் உண்மை.

குறில், நெடில் வேறுபாடு நமக்கு மெய்யாகவே கைகொடுக்கிறது: 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி.

சிக்கல் வல்லினத்தில் இருக்கிறது. பெர்சிமன் பழத்துக்கும் (kaki) சாவிக்கும் (kagi) உள்ள ஜப்பானியச் சொற்கள் இரண்டையும் நாம் 'ககி' என்றே எழுத நேரும். இடையில் வரும் ககரத்தைப் 'பகல்' என்பதில் போல மெலிதாக ஒலிப்பது நம் இயல்பு என்பதால், பழத்தைக் கேட்க நினைத்தவர் சாவியைக் கேட்டுவிடுவார். 'கக்கி' என்று எழுதித் தப்பவும் முடியாது, ஏனெனில் மெய் இரட்டித்தால் அங்கே சொல்லே வேறாகிவிடும். ஜப்பானியரின் அடிப்படை அசை எழுத்தான ஹிரகானாவிலோ அதே எழுத்தின் வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் இட்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறார்கள். ஆகவே முதல் வாரத்திலேயே அந்த எழுத்துகளைக் கற்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

குரலின் ஏற்ற இறக்கத்தை ஹிரகானாவும் காட்டாது. டோக்கியோ வழக்கில் 'ஹஷி' என்பதன் முதல் அசை உயர்ந்தால் உண்ணும் குச்சி, இரண்டாம் அசை உயர்ந்தால் பாலம். இதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.