நிறத்தை நம்ப வேண்டாம்

நெருப்பெறும்பை அடையாளம் காண்பது பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் அதன் சிவப்பு நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒரே புற்றிலேயே மஞ்சள் கலந்த பழுப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை எறும்புகள் இருக்கும்.

எங்கள் வீட்டு வாசற்படியோரம் கடித்த ஒன்றைப் பிடித்து, சானிடைசரில் போட்டு, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். இடுப்பில் இரண்டு கணுக்கள். உணர்கொம்பில் பத்துத் துண்டுகள், அதில் கடைசி இரண்டும் தடித்துக் குண்டாந்தடி போல. முதுகின் பின்பகுதியில் முள் இல்லை. சரி, நெருப்பெறும்புகள் அடங்கிய சொலனாப்சிஸ் பேரினம் என்பது வரை உறுதி.

அதற்கு அப்புறம்தான் சிரமம். அந்தப் பேரினத்தில் அமெரிக்காவைப் பாடாய்ப்படுத்தும் இன்விக்டா என்ற இனமும் நம் ஊரில் பரவலாக உள்ள ஜெமினேட்டா என்ற இனமும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. தலையை நேருக்கு நேர் வைத்து, தாடைகளுக்கு மேலே உள்ள தகட்டின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இன்விக்டாவுக்கு அங்கே சரியாக நடுவில் ஒரு சின்னப் பல் இருக்கும். ஜெமினேட்டாவுக்குப் பக்கப் பற்கள் இரண்டு மட்டும்தான். ஜெமினேட்டாவின் பெரிய வேலைக்கார எறும்புக்குத் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெருத்து, உச்சி நடுவே ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நான் பார்த்ததில் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது, நடுப்பல் இல்லை.

கட்டுரையில் தலையின் முன்பக்கப் படம் ஒன்றைச் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. சின்ன எறும்பை மட்டும் பிடித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டாம் என்றும் எழுதுங்கள்.