தகர டப்பாவுக்கு ஒரு வக்காலத்து

நேற்று ஆராதனை முடிந்து மைக் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச்சில் புதிதாக டிரம்ஸ் பழகும் தம்பி வந்து, "அண்ணே, ஸ்டீல் ஸ்னேர் வாங்கலாமா, இல்ல காசு சேத்து பித்தளையே வாங்கிரவா?" என்று கேட்டான். டிரம் செட்டில் சடசடவென்று ஒலிக்கும் சின்ன டிரம்தான் ஸ்னேர். நான் வாயைத் திறப்பதற்குள் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் முந்திக்கொண்டார். "ஸ்டீலா? தகர டப்பாவ தட்டின மாதிரி இருக்கும்டா." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார். தம்பியின் முகம் தொங்கிப்போனது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன் நான் பழையதாக வாங்கிய 14 அங்குல ஸ்டீல் ஸ்னேரின் விலை 6,500 ரூபாய். முதல் மாதம் அது தகர டப்பாவேதான். டேப் ஒட்டினேன், கைக்குட்டை போட்டேன், பர்ஸைத் தூக்கி மேலே வைத்தும் அடித்துப் பார்த்தேன். கடைசியில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதைக் கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அடில என்னடா வெச்சிருக்க?" என்றார். கீழ் ஸ்கின் தொளதொளவென்று கிடந்தது. அதை ஒட்டிக் கிடக்கும் கம்பி வயரில் இரண்டு இழை நெளிந்திருந்தது. ஒரு வருடமாக யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை போல.

ஸ்னேர் பேசுவதே அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான். குச்சி மேல் ஸ்கின்னில் விழுகிறது, உள்ளே இருக்கும் காற்று கீழ் ஸ்கின்னைத் தள்ளுகிறது, அது வயரை உதறுகிறது. அதனால்தான் கீழ் ஸ்கின்னை அவ்வளவு மெல்லியதாகச் செய்கிறார்கள். சொரசொரப்பான பூச்சுள்ள கோட்டட் மேல் ஸ்கின், மெல்லிய கீழ் ஸ்கின், 20 இழை வயர் எல்லாம் புதிதாக மாற்ற எனக்கு 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. டிரம் வாங்கிய விலையில் முக்கால்வாசி! வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் அன்று மாலை கேட்ட சத்தம் வேறு டிரம்முடையது.

அப்போ ஷெல்லுக்கு, அதாவது டிரம்மின் உருளை உடம்புக்கு, வேலையே இல்லையா? இருக்கிறது. பித்தளையில் சத்தம் கொஞ்சம் தடிப்பாக, உருண்டு வரும். அலுமினியம் வறட்சியாக, சுருக்கென்று முடியும். ஸ்டீல் கூர்மை, ரீங்காரமும் அதிகம். கீபோர்டு அண்ணன் சொன்னதில் நியாயம் இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். எங்கள் ஹாலைப் போல டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் அந்த ரீங்காரம் காதைக் குத்தும். ஸ்கின்னைப் பிடித்திருக்கும் வளையமான ரிம்மின் ஓரத்தில், ஸ்கின்மேல் சின்னதாக ஒரு ஜெல் துண்டு ஒட்டினால் அடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புகிறவர்கள் நாம், இதற்குப் போய் வெட்கப்படலாமா?

விலைதான் தரம் என்பவர்களிடம் நான் சொல்வது லுட்விக் என்ற டிரம் கம்பெனியின் அக்ரோலைட் ஸ்னேர் கதை. 60-களில் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக விற்ற மலிவு மாடல் அது. அதே கம்பெனியின் விலை கூடிய சூப்ரபோனிக்கும் அதே அலுமினிய ஷெல்தான். லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் அடித்ததுகூட 6.5 அங்குல ஆழமுள்ள சூப்ரபோனிக்தான். சூப்ரபோனிக்குக்கு 10 லக்கும் (ஸ்கின்னை இறுக்கும் திருகு மாட்டும் பிடி) குரோம் பூச்சும், அக்ரோலைட்டுக்கு 8 லக், குரோம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அலுமினியத்தின் மேல் பூசிய அந்தக் குரோம் வருடக்கணக்கில் பொத்துப் பொத்து உரியும். குரோமே இல்லாத ஏழைத் தம்பிக்கு அந்த வியாதி வரவில்லை. பின்னாளில் ஸ்டுடியோக்காரர்களே பழைய அக்ரோலைட்டைத் தேடித்தேடி வாங்கினார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். மலிவு டிரம்மில் கம்பெனிக்காரன் கை வைப்பது பெரும்பாலும் சில்லறைச் சாமான்களில். வயரை இறுக்கும் லீவர் பாட்டு நடுவே நழுவும். ரிம் மெலிந்திருக்கும், ரிம்மையும் ஸ்கின்னையும் சேர்த்து நாலு ரிம்ஷாட் அடித்தால் ட்யூனிங் இறங்கும். இதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்றவே முடியாதது ஷெல்லின் விளிம்பு. ஸ்கின்னைக் கழற்றி, வெறும் ஷெல்லைச் சமையல்கட்டு கிரானைட் மேடையில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே டார்ச் அடித்து விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வயர் உட்கார இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பள்ளம் வைத்திருப்பார்கள், அது கீழ்ப்பக்க விளிம்பில் மட்டும்தான். வேறெங்காவது வெளிச்சம் கசிந்தால் பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் ஸ்கின்னை இறுக்கும் திருகான டென்ஷன் ராடு துருவையும் பார்த்துக்கொள்ளவும். என் வீட்டு உப்புக்காற்று இரண்டு செட்டைத் தின்றிருக்கிறது.

அப்புறம் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டுவது போதும். குரோம் பூசிவிட்டால் ஸ்டீலும் பித்தளையும் பார்வைக்கு ஒன்றுதான். பித்தளை என்று விலை சொல்கிறவரிடம் பேசிக்கொண்டே காந்தத்தை ஷெல்லில் வையுங்கள். பச்சக்கென்று ஒட்டினால் ஸ்டீல்.

மூன்று வருடமாகக் கீபோர்டு அண்ணன் எனக்கு இரண்டடி தள்ளி நின்று வாசிக்கிறார். போன ஈஸ்டர் அன்றுகூட, "ஒன் பித்தள ஸ்னேர் சத்தம் இருக்கே, அது தனிடா" என்றார். வரும் ஞாயிறு காந்தத்தை எடுத்துப்போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.