கடைசிப் பத்தடி

சிங்கப்பூரில் ராத்திரி பதினொன்றரைக்கு ரேடியோவைத் திருகினால் கேட்பது தூத்துக்குடி வானொலி இல்லை, எதிர்வீட்டு எல்இடி விளக்கின் இரைச்சல். மத்திய அலையில் (ஏஎம்), 1053 கிலோஹெர்ட்ஸில் நம்ம ஊர்க் குரல் கடல் தாண்டி வருமா என்று காத்திருப்பவனுக்கு வெறும் 'ஸ்ர்ர்ர்'.

வானத்தில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் பகுதி அயனி மண்டலம். பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும் அதன் கீழடுக்கு, இருட்டியதும் கரைந்துவிடும். அப்புறம் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். இயற்கை அவ்வளவு தூரம் சுமந்து வந்ததை, ஒரு மலிவு விளக்கோ சார்ஜரோ கடைசிப் பத்தடியில் கெடுக்கிறதே! அதற்குள்ளே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிற சுற்று. அதன் கசிவு அப்படியே மத்திய அலையில் வந்து விழுகிறது.

ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனையை இரைச்சல் வரும் பக்கம் திருப்பினால் அடங்கும். ஒரு பக்கம் என்றால் சரி. வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் மேலே, கீழே, இரண்டு பக்கமும்... எங்கே திருப்ப? என் வீட்டு விளக்கை அணைத்துவிட்டேன். "அக்கா, உங்கள் விளக்கையும் அணையுங்கள்" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

போன வெள்ளி, வீடுகளை விட்டு விலகி, கடற்கரையில் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கே போய் உட்கார்ந்தேன். இரைச்சல் பாதிதான். தமிழ், பெண் குரல், ஏறி ஏறி இறங்கியது. நிலையத்தின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து அமிழ்ந்துவிட்டது.