உப்பூர்க் கரையும் எண்ணூர்ச் சாம்பலும்

ராமநாதபுரம் மாவட்டம் உப்பூரில் வரவிருந்த 1,600 மெகாவாட் அனல் மின் நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் நிறுத்திவைத்தது. அதோடு நம் கரையில் பேச்சும் அடங்கிவிட்டது. அடங்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு. நாளைக்கு இன்னொரு திட்டம் வந்து மோர்பண்ணையிலோ திருப்பாலைக்குடியிலோ கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால், எல்லோரும் புகைபோக்கியின் உயரத்தைத்தான் கேட்போம். முதல் கேள்வி சாம்பலைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். அதில் பாதியான 800 மெகாவாட் அலகில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு உள்நாட்டுக் கரி சுமார் 600 கிராம் எரியும். முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 11,500 டன். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3,800 டன், சாம்பல். இறக்குமதிக் கரி போட்டால் நன்றாகவே குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஐந்தில் ஒரு பங்கு கொதிகலன் அடியில் கட்டியாக விழும். மிச்சம் மாவாகப் புகையோடு பறக்கும்.

அந்த மாவைப் பிடிப்பது ஈ.எஸ்.பி. என்ற மின் தூசிப்பிடிப்பான். உயர் மின்னழுத்தத்தில் தூசி தகடுகளில் ஒட்டும், சுத்தியல் தட்டினால் கீழே ஹாப்பர் என்ற புனல் தொட்டியில் விழும். ஹாப்பர் ஹீட்டர் பழுதானால் சாம்பல் ஈரம் கோத்து இறுகும், இறங்காது. மட்டம் ஏறி மின்முனையைத் தொட்டதும் அந்தப் பகுதி டிரிப் ஆகி நின்றுவிடும். அலகை நிறுத்தாமல் மிச்சப் பகுதிகளோடு ஓட்டுவார்கள். ஊருக்குள் கரும்புகை வருவது பெரும்பாலும் இப்படித்தான். கருவி இருக்கும், பராமரிப்பு இருக்காது.

இதைவிடப் பெரிய கேடு குழாயில் இருக்கிறது. ஒரு பங்கு சாம்பலுக்கு எட்டு, பத்து பங்கு தண்ணீர் கலந்து குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குத் தள்ளுவார்கள். கடலோரம் என்றால் கடல்நீர்தான். சாம்பலில் உள்ள சிலிக்கா மணல்தாள் மாதிரி குழாயின் அடிப்பக்கத்தைத் தேய்க்கும். அவ்வப்போது குழாயைத் திருப்பிப் போட வேண்டும், வளைவுகளை மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அனல் மின் நிலையம் உள்ள வடசென்னை எண்ணூரில் பார்க்கலாம். கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் குழாய்கள் உடைந்து உடைந்து, இறாலும் நண்டும் பிடித்த இடத்தில் சாம்பல் சேறு படிந்து கிடக்கிறது.

நம் நிலைமை இன்னும் மோசமாகும். இங்கே நல்ல தண்ணீர் உப்புநீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மணலைக் கொஞ்சம் தோண்டினால் ஊற்று, ஆழம் போனால் உவர். அதன் தலைக்கு மேல் கடல்நீர்ச் சாம்பல் குட்டை வந்தால், குட்டையின் கரை இறுக்கமாக இல்லாத ஒரே வருஷத்தில் ஊற்றும் ஊருணியும் கெடும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்த குட்டைத் தூசி கடலுக்குப் போகும். ஆவுளியா என்ற கடல்பசு மேயும் தாழையும் (கடல்புல்) ஆழமில்லாத இந்தப் பாக் நீரிணையில்தான் இருக்கிறது.

ஆகவே சாம்பலை உலர்வாகவே எடு, சைலோ என்ற உயரச் சேமிப்புத் தொட்டியில் சேர், மூடிய பல்கர் (தொட்டி) லாரியில் சிமென்ட் ஆலைக்கு அனுப்பு என்றுதான் கேட்க வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கையும் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தச் சொல்கிறது, பயன்படுத்தாத டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு விதிக்கிறது. ஆனால் ஒரு அலகுக்கே தினம் 30 டன் லாரி நூறு தேவை, கிழக்குக் கடற்கரைச் சாலையில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டட வேலை படுத்துவிடும், லாரி வராது. அந்த நாட்களில் சைலோ எத்தனை நாள் தாங்கும், நிரம்பினால் எங்கே கொட்டுவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு, சிமென்ட் ஆலை ஒப்பந்த நகலையும் கேளுங்கள்.